காட்டழகருக்கு ஓடிய சனிக்கிழமை

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பெண் தனியாக மலைக்குப் போக வேண்டுமென்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் செல்லும். வேண்டுதல். உடம்புக்கு நல்லது, காற்று வாங்கப் போகிறேன், அணில் பார்க்கப் போகிறேன் என்றெல்லாம் சொன்னால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவார்கள். வேண்டுதல் என்று சொல்லிவிட்டால் மறுகேள்வி கிடையாது. விடிவதற்கு முன் எழுந்து வெந்நீர் போட்டுத் தருவார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பத்தைந்து வயது முடிந்திருந்தது. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை ராஜபாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியில். உடற்கல்வி ஆசிரியை என்பது பதிவேட்டில் மட்டும். ஊருக்கு நான் டிரில் டீச்சர். கல்லூரியில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடியவள். அதற்குப் பிறகு கல்யாணம், இரண்டு பிள்ளைகள், தினமும் இரண்டு பஸ். எட்டு வருடங்களாக நான் ஓடியதெல்லாம் அந்தப் பஸ்ஸைப் பிடிக்கத்தான். மைதானத்தில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊதுவேன். பிள்ளைகள் ஓடுவார்கள்.

ஒருநாள் பள்ளிக்கு ஒரு விண்ணப்பப் படிவம் வந்தது. முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கு மாவட்ட அளவில் ஐயாயிரம் மீட்டர் ஓட்டம். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் அதைக் கைமாற்றிப் பார்த்துச் சிரித்தார்கள். கணக்கு டீச்சர் என்னைப் பார்த்து, "நீங்க போகலாமே டீச்சர். விசில் ஊதி ஊதி மூச்சு நல்லா இருக்கும்லா" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துவிட்டுப் படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கோபம் கணக்கு டீச்சர் மேல் இல்லை. அவர் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லாததுதான் எனக்குக் கோபம்.

இரண்டு மாதம் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். ஆனால் சமதளத்தில் என்னை நானே ஏமாற்றிக்கொள்வது சுலபம். மூச்சு வாங்கினால் ஷூ லேஸ் கட்டுவதுபோல் குனிந்துவிடுவேன். படிவம் கொடுக்கக் கடைசி நாள் திங்கட்கிழமை என்றபோது ஒரு முடிவுக்கு வந்தேன். சனிக்கிழமை மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்குப் போவது. வனத்துறை கேட்டிலிருந்து காட்டழகர் கோயிலுக்கு மலைப்பாதையில் ஓடிப்போய், சாமி கும்பிட்டுவிட்டு, அதே கேட்டுக்கு ஓடியே திரும்புவது. எவ்வளவு மெதுவாக ஓடினாலும் சரி. நிற்கக் கூடாது, நடக்கக் கூடாது. கோயிலில் மட்டும் விலக்கு. இதை முடித்தால் படிவத்தில் கையெழுத்து. ஓரெட்டு நடந்தாலும் படிவம் அடுப்புக்கு. அதோடு ஓட்டத்தை மறந்துவிட்டு நாற்காலியிலேயே ஓய்வுபெறுவது என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமியாரிடம் வேண்டுதலைப் போட்டேன்.

"போன வருசம் சின்னவளுக்கு டைபாய்டு வந்துச்சுல்ல அத்தை. அப்ப வேண்டிக்கிட்டேன். காட்டழகருக்கு ஓடியே வாரேன்னு."

அத்தை முறத்தைக் கீழே வைத்தார். ஆண்டாள் கோயிலுக்குப் போகாமல் காபி குடிக்காதவர். நியாயம் பேசினால் வக்கீல் தோற்பார்.

"ஓடியேன்னா? போறதுக்கா, வாரதுக்கா?"

"ரெண்டுக்கும்."

"நடக்காமயா?"

"நடக்காம."

"பிள்ள பொழச்சு ஒரு வருசமாச்சு. இம்புட்டு நாளா சாமிய காக்க வச்சிருக்க!" என்று அத்தை எழுந்தார்.

பிள்ளையின் காய்ச்சலை ஒரு பொய்க்கு இழுத்துவிட்டோமே என்று அந்த நிமிடமே உறுத்தியது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்க நேரமில்லை. அத்தை அதற்குள் பக்கத்து வீட்டு வாசலில் நின்று சேதி சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு முடிந்து வந்த என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஓடுறதுன்னு ஆயிப்போச்சு, பாத்து ஓடு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அவர் அவ்வளவுதான். மிக நல்ல மனிதர்.

ஒருவர் கோயிலுக்குப் போனால் தெருவே அவர் கையில் எதையாவது கொடுத்துவிடும் என்பதை நான் மறந்துபோயிருந்தேன். விடிகாலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் கூடத்தில் நான்கு தேங்காய் உட்கார்ந்திருந்தது. அத்தையின் கால் லிட்டர் நல்லெண்ணெய், விளக்குக்கு. எதிர்வீட்டு மருமகள் பிள்ளை வரம் கேட்டுக் கொடுத்துவிட்ட மரத்தொட்டில், கையகலத்துக்கு. கற்பூரம், துளசி மாலை, பெயரும் நட்சத்திரமும் எழுதிய துண்டுச் சீட்டு. வேண்டுதலுக்குப் போகிறவள் இதில் எதையும் மாட்டேன் என்று சொல்ல முடியாது. கட்ட வேண்டியது மஞ்சள் சேலைதான் என்று அத்தை அதையும் எடுத்து வைத்திருந்தார்.

"காலுக்கு ஒண்ணும் போடக் கூடாது. வேண்டுதலுக்குப் போறவ செருப்பு போடுவாளா?"

வெறுங்காலோடு வீட்டை விட்டு இறங்கினேன். கேன்வாஸ் ஷூவைப் பைக்குள் தேங்காய்களுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். சேலைக்குள் பள்ளிக்கூட டிராக் பேன்ட்.

தை மாதம். பஸ் இறங்கிய இடத்திலிருந்து தோப்புகள் தொடங்கிவிடும். மாமரங்கள் பூத்து, காற்றே லேசாகத் தித்தித்தது. ஆள் இல்லாத ஒரு தோப்போரம் உட்கார்ந்து ஷூவை மாட்டினேன். சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகினேன். பையை முதுகில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். கேட்டுக்கு வந்தபோது வாட்சர் பீடியை அணைத்துவிட்டு எழுந்தார்.

"தனியாவா தாயி?"

"வேண்டுதல்."

"அப்ப சரி. முன்ன ரெண்டு செட்டு ஏறியிருக்கு. ஆனை மத்தியானத்துக்கு மேல தண்ணிக்கு எறங்கும். அதுக்குள்ள வந்துருங்க." இரண்டு அடி நான் எடுத்து வைத்ததும் கூப்பிட்டார். "செத்த நில்லுங்க." உள்ளே போய் ஒரு பொட்டலம் ஊதுவத்தி கொண்டுவந்து தந்தார். "எம் பேரையும் சேத்துக்கிடச் சொல்லுங்க."

ஊதுவத்தியை வாங்கிச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தேன்.

முதல் கால் மணி நேரம் சொர்க்கம். அதை வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மண் பாதை, ஈரமான சருகு, ஓடைக்கரையில் மருத மரங்கள். கல்லூரி முடித்த பிறகு, யாருக்காகவும் அடுப்பைப் பற்றவைக்காமல், யாருடைய டிபன் பாக்ஸையும் தேடாமல் நான் தனியாக இருந்த முதல் காலை நேரம் அதுதான். வாய்விட்டுச் சிரித்தேன். பின்னால் தேங்காய்களும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு சத்தம் போட்டன.

பிறகு ஏற்றம் வந்தது. தேங்காய்கள் என் இடுப்பெலும்பைக் குறிபார்த்து இடித்தன. எண்ணெய் பாட்டிலின் துணி அடைப்பு கசிந்து முதுகெல்லாம் நல்லெண்ணெய். ஒரு புளியமரத்தின் மேலிருந்து ஓட்டுத் துண்டுகள் தலையில் விழுந்தன. நிமிர்ந்து பார்த்தால் சாம்பல் அணில். இந்த அணிலுக்காகத்தான் இந்தக் காட்டையே சரணாலயமாக்கினார்கள். பூனையளவு உடம்பு, அதைவிட நீள வால். புளியம்பழத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆற அமரத் தின்றபடி என்னைப் பார்த்தது. நின்று பார்க்க ஆசைதான். நின்றால் தோற்றேன். கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்துக்கொண்டே ஓடியதில் ஒரு வேர் தடுக்கி, விழாமல் தப்பினேன்.

கோயில் படிகளுக்கு முன்னால் உள்ள செங்குத்தான இடத்தில் என் ஓட்டம் ஓட்டமாகவே இல்லை. கைகள் ஓடின, மூச்சு ஓடியது, கால் மட்டும் இருந்த இடத்தில் குதித்தது. தோளில் சாக்குடன் கடுக்காய் பொறுக்கப் போகும் ஒருவர் பின்னால் வந்தார். சாவகாசமாக நடந்து என்னைத் தாண்டினார். நாலு அடி போய்த் திரும்பிப் பார்த்தார்.

"நடந்தீகன்னா வெரசா போயிரலாமேம்மா."

பதில் சொல்ல மூச்சில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் பரிதாபப்பட்டுவிட்டுப் போனார்.

படிகளை எப்படி ஏறினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. கடைசிப் படியில் கையை ஊன்றி நின்றபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனால் ஓரெட்டும் நடக்கவில்லை. ஊற்றுத் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டேன். ஈரத்தில் கூந்தல் அவிழ்ந்தது. முடிந்துகொள்ளக் கையைத் தூக்கக்கூடத் தெம்பில்லாமல் அப்படியே விட்டுவிட்டேன். முன்னால் ஏறிய கூட்டம் ஊற்றோரம் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை ஆனதால் பட்டர் மேலே வந்திருந்தார். துண்டுச் சீட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். அத்தை, எதிர்வீட்டு மருமகள், கேட் வாட்சர் வரை முடிந்தது. தொட்டிலைக் கட்டினேன். பட்டர் கடைசியாக, "உங்களுக்கு?" என்றார்.

எனக்கு என்று எதுவும் கொண்டுவரவில்லை. வேண்டுதலே பொய் என்பது எனக்கும் சாமிக்கும் மட்டும்தான் தெரியும். போன வருடம் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் சின்னவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டே இருந்தது நினைவுக்கு வந்தது. அப்போது பயத்தில் எனக்கு எந்தச் சாமியும் ஞாபகம் வரவில்லை, வேண்டிக்கொள்ளவும் தோன்றவில்லை. மகளின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். அது மட்டும் பொய்யில்லை.

உடைத்த தேங்காயில் ஒரு மூடி கோயிலுக்கு, ஒரு மூடி கொடுத்தவர்களுக்கு. நான்கு மூடிகளைப் பையில் போட்டுக்கொண்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு, ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கி ஓடினேன்.

இறக்கம் என்பதால் கால் தானாக ஓடியது. பாதி தூரம் கடந்துவிட்டேன். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் கணக்கு டீச்சர் முன்னால் படிவத்தை எப்படி மேசையில் வைப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே ஒரு வளைவில் திரும்பினேன்.

எதிரே பொங்கல் பானையும் விறகுமாக ஏழெட்டுப் பேர் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். சுந்தரபாண்டியத்துக்காரர்கள் என்று பிறகு தெரிந்தது. மஞ்சள் சேலை, விரிந்த தலை, வியர்வையில் வழிந்த குங்குமம், மூச்சிரைப்பு. தனியாக ஒரு பெண் காட்டிலிருந்து பாய்ந்து வருகிறாள். மலையடிவாரத்தில் இருப்பது பேச்சியம்மன் கோயில். அவர்கள் என்ன நினைப்பார்களோ அதைத்தான் நினைத்தார்கள். முன்னால் வந்த ஆண்பிள்ளை தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். பெண்கள் ஒதுங்கி நின்று குலவை போட்டார்கள்.

"பேச்சி வாராடோய்! வழி விடுங்க!"

அவர்கள் வழி விட்டது எனக்கு வசதியாக இருந்தது. நிற்காமல் ஓடினேன். ஒரு பெண் கைகூப்பிக்கொண்டு கூடவே நாலு எட்டு ஓடிவந்தாள்.

"தாயி, எம் மக கலியாணம் தட்டிக்கிட்டே போகுதே. எப்ப கூடும்? ஒரு வாக்கு சொல்லு தாயி!"

நின்று விளக்கம் சொன்னால் தோற்றுவிடுவேன். சொல்லாமல் ஓடினால் அவள் விடமாட்டாள் போலிருந்தது. "வைகாசி!" என்று கத்தினேன். குலவை இன்னும் பலமாக எழுந்தது.

அதோடு தப்பியிருப்பேன். ஆனால் கூட்டத்தின் கடைசியில் வந்த அம்மாள் ஒருவர், கல்யாணப் பெண்ணின் பாட்டியாம், வைகாசியைக் கேட்டதும் பாதையின் குறுக்கே நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் சரிவு. மனிதரைத் தாண்டி ஓட முடியுமா? பதறிப்போய் நின்றேன். குனிந்து தூக்கினேன். அவர் என் கால்களைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சாமியில்லம்மா. டீச்சர். விடுங்க."

"டீச்சரு ரூபத்துல வந்திருக்கியா தாயி!"

அந்த ஆண்பிள்ளை அருகில் வந்து உற்றுப் பார்த்தார். இடுப்புத் துண்டு மெதுவாகத் தோளுக்கு ஏறியது. "யாத்தா, இவிய ராசபாளையத்துல டிரில் டீச்சருல்ல! எங்கண்ணன் மக அங்கதான படிக்கி" என்றார். கீழே கிடந்த அம்மாள் படக்கென்று எழுந்து உட்கார்ந்தார்.

"அப்ப வைகாசி?"

அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? "வைகாசிதாம்மா. கோயில்லருந்துதான வாரேன்" என்றேன். பட்டர் தந்த துளசியைப் பையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். விழுந்ததில் அவர் முழங்கால் சிராய்த்திருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு முன்னே இருந்த பாறை நிழல்வரை கூட்டிப்போய் உட்கார வைத்தேன். இருபது எட்டு இருக்கும். நடந்துதான் போனேன்.

பாறையருகே அவர் கையை விட்டபோதுதான் எனக்கு அது உறைத்தது. மீதி தூரத்தை ஓடித்தான் கடந்தேன். ஏன் ஓடுகிறேன் என்று தெரியாமலேயே, அழுதுகொண்டே ஓடினேன். இருபது எட்டுக்காக ஒரு முப்பத்தைந்து வயதுக்காரி இப்படி அழுவாளா என்று வெட்கமாகவும் இருந்தது. கேட்டில் வாட்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்தி என்று எடுத்துக்கொண்டு கும்பிட்டார்.

தோப்போரம் ஷூவைக் கழற்றிப் பைக்குள் வைத்து, வெறுங்காலோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். வாசலில் அத்தை மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தார். வேண்டுதல் முடித்து வருகிறவளின் காலை அலம்பி உள்ளே அழைப்பது வழக்கம். தண்ணீரை ஊற்றக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கணுக்காலுக்கு மேலே செம்மண் புழுதி. கணுக்காலுக்குக் கீழே புறங்கால் வெளுத்து, கழுவி வைத்ததுபோல் இருந்தது.

"பூட்ஸ் போட்டுக்கிட்டா ஓடுன?"

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் கொட்டிவிட்டது. ஷூ, படிவம், கணக்கு டீச்சர், நான் எனக்குச் செய்துகொண்ட சத்தியம், வேண்டுதலே பொய் என்பது, இருபது எட்டு நடந்தது, எல்லாவற்றையும் வாசலில் நின்றபடியே அழுது சொல்லி முடித்தேன். படிவத்தை எடுத்து, "இத அடுப்புல போட்டுருங்க அத்தை" என்று நீட்டினேன்.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எம்புட்டுத் தூரம் ஓடணும்?"

"அஞ்சு கிலோமீட்டர்."

"காட்டழகர் கோயிலு?"

"அதவிட ரெண்டு பங்கு இருக்கும்."

"என்னைக்குக் குடுக்கணும்?"

"திங்கக்கெழமை."

அத்தை படிவத்தை மடித்து என் கையிலேயே வைத்தார். பிறகு தீர்ப்பு வந்தது.

"பொய்யோ மெய்யோ, வாயால சொல்லியாச்சுல்ல. சொன்ன பொறவு அது வேண்டுதல்தான். இன்னைக்கு நடந்துட்ட. அது செல்லாது. வார சனிக்கெழம மறுபடியும் போயி, நடக்காம ஓடிட்டு வா. திங்கக்கெழம இதக் குடுத்துரு. சாமி காரியம் பாக்கி இருக்கப்ப இத அடுப்புல போட எனக்குப் பயமா இருக்கு."

"பூட்ஸ்?"

"போட்டுக்கோ. மலையெல்லாம் முள்ளு. பெருமாள்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

சொல்லிவிட்டுத்தான் காலில் தண்ணீர் ஊற்றினார். அதுவரை அவரை நான் மாமியார் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அன்று அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமில்லை. தேங்காய் மூடிகளை எடுத்துக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை படிவத்தைக் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை கூடத்தில் ஒன்பது தேங்காய் இருந்தது. சுந்தரபாண்டியத்துக்காரர்கள் எதிரே வரவில்லை. யாரும் குறுக்கே விழவும் இல்லை. செங்குத்தான இடத்தில் அதே கடுக்காய்க்காரர் என்னைத் தாண்டிப் போகும்போது, இந்த முறை சிரித்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்தபோது அத்தை வாசலில் செம்போடு நின்று ஒரே கேள்விதான் கேட்டார்.

"நடந்தியா?"

"இல்ல அத்தை. ஓரெட்டுகூட நடக்கல."

"அப்ப வேண்டுதல் முடிஞ்சிச்சு" என்று தண்ணீரை ஊற்றினார்.

முடிந்தது என்று அவர் சொன்னதும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாம்பூ வாசமும் தலையில் புளிய ஓடு போட்ட அணிலும் இனிமேல் இல்லையா என்றுதான் தோன்றியது.

"அத்தை," என்றேன், "பெரியவனுக்கு அம்மை போட்டப்பவும் ஒண்ணு வேண்டிக்கிட்டேன்."

அத்தை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். செம்பில் மிச்சமிருந்த தண்ணீரையும் என் காலில் ஊற்றினார்.

"அதுக்கு எத்தன சனிக்கெழம?" என்றார்.